ஃபைல் பெட்டி அக்கப்போர்

ஆதியில் ‘ஓப்பன்’ பெட்டி கிடையாது. மெனுவில் போய் ‘ஓப்பன்’ என்றதும் எழுந்து வந்து நிற்குமே, இடது பக்கம் நாலு ஃபோல்டர், வலது பக்கம் நானூறு ஃபைல், கீழே ஓகே, கேன்சல் என்று, அந்தப் பெட்டியைத்தான் சொல்கிறேன். அது இல்லாமலே மனிதர்கள் கம்ப்யூட்டரில் வேலை பார்த்திருக்கிறார்கள். நிம்மதியாகவும் இருந்திருக்கிறார்கள்.

1981-ல் ஜெராக்ஸ் கம்பெனி ‘ஸ்டார்’ என்றொரு மெஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒன்றின் விலை 16,000 டாலருக்கு மேல். ஒன்று மட்டும் வாங்கினால் பிரயோஜனமில்லை. பிரிண்டர், ஃபைல் சர்வர் என்று குடும்ப சமேதராக வாங்க வேண்டும். திரையில் ஒரு மேஜை. மேஜை மேல் காகிதங்கள், ஃபோல்டர், அலமாரி, தபால் தட்டு. கடிதம் வேண்டுமென்றால் கடிதத்தின் படத்தைத் தேர்ந்தெடுத்துத் திறக்க வேண்டியது. முடிந்ததும் மூட வேண்டியது. ‘எழுதும் புரோக்ராம்’ என்ற அதிகாரியை முதலில் எழுப்பி, அவர் மூலமாக மனுப் போட்டு, சொந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கும் வழக்கம் அங்கே இல்லை.

1983 ஜனவரியில் ஆப்பிள் ‘லிசா’வை இறக்கியது. 9,995 டாலர். அதிலும் அதே மரியாதை. புதிதாக எழுத வேண்டுமா, திரையில் ஒரு லெட்டர் பேட் இருக்கும். இரண்டு தட்டுத் தட்டினால் ஒரு தாள் கிழிந்து வரும். ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருந்தாலும் லிசா கோபித்துக்கொள்ளாது. ஒரே தெருவில் இரண்டு முருகன் இருப்பதில்லையா என்கிற பெருந்தன்மை.

இத்தனை நாகரிகமாக நடந்துகொண்ட இரண்டு மெஷினும் சந்தையில் ஊத்திக்கொண்டன.

லிசாவைப் பற்றி இன்னொரு சங்கதி. அதை வடிவமைத்த காலத்தில் ஆப்பிளின் லாரி டெஸ்லர் வெளியாட்களைக் கூட்டிவந்து உட்காரவைத்து, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பக்கத்திலிருந்து குறிப்பெடுப்பார். கேள்வி கேட்கும் சின்னச் சின்னப் பெட்டிகளில் அப்போது ‘ஓகே’ கிடையாது; ‘செய்துவிடு’ என்ற அர்த்தத்தில் ‘டூ இட்’ என்று ஒரு பொத்தான். 1981 கோடையில் வந்த ஓர் ஆசாமி ஒவ்வொரு முறையும் அந்தப் பொத்தானைக் கண்டதும் முகம் சுளித்து, அதை விட்டுவிட்டு கேன்சலையே அமுக்கிக்கொண்டிருந்தார். விசாரித்தால் விஷயம் இது: இரண்டு சொல்லுக்கும் நடுவே இடைவெளி போதவில்லை, அந்த எழுத்துருவில் ஐ எழுத்தும் எல் எழுத்தும் இரட்டைப் பிள்ளைகள். மனிதர் அதை ‘டோல்ட்’ என்று, அதாவது மடையன் என்று படித்திருக்கிறார். நான் ஒன்றும் மடையன் இல்லையே, இது ஏன் என்னை இப்படிக் கூப்பிடுகிறது என்பது அவருடைய நியாயமான வருத்தம். அதன்பிறகுதான் ‘ஓகே’ வந்தது. கூப்பிடுவதை நிறுத்தினார்கள். நினைப்பதை நிறுத்தியதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை.

பெட்டி பிறந்தது 1984 ஜனவரி 24 அன்று, மேக்கின்டாஷோடு. அதன் ஜாதகத்தைப் புரிந்துகொள்ளாமல் பின்னால் நடந்த எந்தக் கூத்தும் புரியாது. லிசாவுக்கு ஒரு மெகாபைட் மெமரி. மேக்குக்கு 128 கிலோபைட். ஹார்ட் டிஸ்க் கிடையாது. 400 கிலோபைட் கொள்ளும் ஒரே ஒரு ஃப்ளாப்பி. ஃபைல்களை மேஜை மேல் பரப்பிக் காட்டும் ‘ஃபைண்டர்’ என்ற புரோக்ராமும், கடிதம் எழுதும் ‘மேக்ரைட்’டும் ஒரே நேரத்தில் அந்த 128-க்குள் குடியிருக்க முடியாது. ஒருவர் உள்ளே வந்தால் இன்னொருவர் வெளியே போக வேண்டும். மேக்ரைட்டில் இருக்கிறீர்கள், இன்னொரு கடிதம் வேண்டும். அதற்காக மேக்ரைட்டை மூடி, ஃபைண்டரை ஃப்ளாப்பியிலிருந்து மறுபடி ஏற்றி, கடிதத்தைத் தட்டி, மேக்ரைட்டை மறுபடி ஏற்றி... ஃப்ளாப்பி சுழன்று முடிப்பதற்குள் எழுத வந்த காதல் வற்றிவிடும்.

ஆகவே ஒரு தாற்காலிக ஏற்பாடு. ஃபைண்டர் ஊரில் இல்லாத சமயத்தில் அவசரத்துக்கு ஃபைலை எடுத்துக்கொடுக்க ஒரு சின்னப் பெட்டி. ஒரு பட்டியல், ஓப்பன், கேன்சல், எஜெக்ட், டிரைவ், அவ்வளவுதான். மெமரிப் பஞ்சத்தில் பிறந்த பிள்ளை. பஞ்சம் தீர்ந்து பல தலைமுறை ஆயிற்று. இன்றைக்கு மடியில் வைக்கிற மெஷினிலேயே அந்த மேக்கைப் போல ஒரு லட்சம் மடங்குக்கு மேல் மெமரி இருக்கிறது. ஃபைண்டரும் பக்கத்திலேயே சும்மாதான் நிற்கிறார். ஆனாலும் அவர் ஊரில் இல்லை என்ற பாவனையிலேயே குடும்பம் நடக்கிறது.

அந்த முதல் பெட்டியில் ஒரு தத்துவச் சிக்கலும் இருந்தது. மேக்கின் ஃபைண்டரில் ஃபோல்டர்கள் உண்டு. ‘காலி ஃபோல்டர்’ என்று ஒன்று எப்போதும் தயாராக நிற்கும். அதற்குப் பெயர் மாற்றினால் இன்னொரு காலி ஃபோல்டர் முளைக்கும். ஜனங்கள் ஆசையாக ஃபோல்டர் போட்டு, உள்ளே ஃபைல்களை அடுக்கினார்கள். பிறகு மேக்ரைட்டுக்குள் போய் ‘ஓப்பன்’ என்றால் டிஸ்க்கில் இருந்த கடிதங்கள் எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கும். ஃபோல்டர் எங்கே? ஃபோல்டரே கிடையாது. அந்த டிஸ்க்கின் அமைப்பில் அப்படி ஒரு வஸ்துவே இல்லை. ஃபைண்டர் தன் திரையில் மட்டும் காட்டிய தோற்றம். மாயாவாதத்தை ஆதிசங்கரருக்குப் பிறகு இத்தனை சிரத்தையாகக் கடைப்பிடித்தவர்கள் கலிஃபோர்னியாவில் இவர்கள்தான்.

இதைக் குறை சொல்வதற்கில்லை. 400 கிலோபைட்டில் எத்தனை ஃபைல் இருந்துவிடப் போகிறது? ஒரே பார்வையில் எல்லாம் தெரிந்தது. ‘எது வேண்டும்?’ என்று மட்டும் பெட்டி கேட்டது. பெயரைக் காட்டினால் கொடுத்தது. பின்னால் வந்த அதிபுத்திசாலிப் பெட்டிகள் எதுவும் இந்த ஒரு கேள்வியோடு நின்றதில்லை.

1985-ல் 20 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் வந்தது. கூடவே ஃபோல்டர்களை மெய்யாகவே டிஸ்க்கில் பதிந்துவைக்கும் புதிய ஃபைல் சிஸ்டமும் வந்தது. மாயை விலகியது, தொல்லை தொடங்கியது. பெட்டி இப்போது ‘எது?’ என்று கேட்பதற்கு முன்னால் ‘எங்கே?’ என்று கேட்டது. மனிதனுக்கு எது என்று தெரியும்: போன வாரம் வீட்டுக்காரருக்கு எழுதிய அந்தக் கடிதம், முதல் பாராவில் கொஞ்சம் காட்டமாக இருக்குமே, அது. எங்கே என்று தெரிந்தால் அவன் ஏன் தேடப்போகிறான்? பெட்டிக்கோ எங்கே என்பதைத் தவிர வேறு மொழி தெரியாது. அடுத்த நாற்பது வருடச் சண்டையும் இந்த இரண்டு கேள்விக்கும் நடுவேதான்.

சேவ் செய்கிற பெட்டி இன்னும் கொடுமை. புதிதாக ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதில் போடலாம் என்றால் பெட்டியில் அதற்குப் பொத்தான் கிடையாது. அது வர 1991-ல் ‘சிஸ்டம் 7’ வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. பெட்டி திறந்திருக்கும்வரை வேறு எதையும் தொடவும் முடியாது. பதில் சொல்லாமல் நகர விடாது. பெட்டியையே நகர்த்தவும் முடியாது. அதற்குப் பின்னால் மறைந்திருக்கும் கடிதத்தில் என்ன எழுதினோம் என்று எட்டிப் பார்த்து ஒரு பெயர் வைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

ஆப்பிள் செய்யாததை வெளியாட்கள் செய்தார்கள். ‘சூப்பர் பூமராங்’, ‘டிஃபால்ட் ஃபோல்டர்’ என்று குட்டிப் புரோக்ராம்கள். அவை செய்ததெல்லாம் நேற்று நீங்கள் எந்த ஃபோல்டரில் இருந்தீர்கள், எந்த ஃபைலைத் தொட்டீர்கள் என்று ஞாபகம் வைத்துக்கொண்டதுதான். அதற்குக் காசு கொடுத்து வாங்க ஆள் இருந்தார்கள். டிஃபால்ட் ஃபோல்டரின் வாரிசு இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது. ஒரு பெட்டியின் லட்சணத்துக்கு இதைவிட நற்சாட்சிப் பத்திரம் வேண்டுமா?

‘எங்கே’ என்ற கேள்வியையே ஒழித்துவிடலாம் என்று கிளம்பிய புண்ணியவான்களும் உண்டு. மேக்கின்டாஷ் திட்டத்தை 1979-ல் தொடங்கிவைத்துவிட்டு ஸ்டீவ் ஜாப்ஸோடு ஒத்துவராமல் வெளியேறிய ஜெஃப் ரஸ்கின், 1987-ல் ‘கேனன் கேட்’ என்றொரு மெஷினைச் செய்தார். அதில் மவுஸ் இல்லை, ஃபைல் இல்லை, பெயர் இல்லை. எழுதியது எல்லாம் ஒரே நீளச் சுருள். எழுதியதில் இரண்டு வார்த்தை ஞாபகம் இருந்தால் போதும். ஒரு சாவியை அமுக்கிக்கொண்டு அதை அடித்தால் மெஷின் அங்கே தாவும். முழுக்க முழுக்க ‘எது?’ என்று மட்டுமே கேட்ட மெஷின். வந்த சுவடு தெரியாமல் போய்ச் சேர்ந்தது. சரியான கேள்வி கேட்பவர்களுக்கு இந்தத் தொழிலில் ராசி இல்லை.

மைக்ரோசாஃப்ட் பக்கம் வருவோம். அங்கே ஆரம்ப காலத்தில் பெட்டிக்கு ஒரே முகம் என்பதே கிடையாது. 1985-ல் விண்டோஸ் வந்தது. ஒவ்வொரு புரோக்ராமும் தனக்குப் பிடித்த மாதிரி ஒரு பெட்டி செய்துகொண்டது. ஃபைலின் பெயர் எட்டு எழுத்து, ஒரு புள்ளி, மூன்று எழுத்து. அதற்குமேல் உங்கள் கற்பனைக்கு இடமில்லை. ஃபைல்களுக்கு நடுவிலேயே சதுர அடைப்புக்குறிக்குள் ஃபோல்டர்கள். அதற்கும் கீழே இரண்டு கோடுகளுக்கு நடுவில் சிக்கிய ஓர் எழுத்து, அதுதான் டிரைவாம். 1992-ல் விண்டோஸ் 3.1 வந்தபோதுதான் எல்லாருக்கும் பொதுவாக ஒரு பெட்டி கிடைத்தது: இடது பட்டியலில் ஃபைல், வலது பட்டியலில் ஃபோல்டர், கீழே டிரைவ்.

இந்தப் பெட்டிக்கு மார்க்கண்டேய வரம். 2007-ல் விண்டோஸ் விஸ்டாவை ஜனங்களுக்குத் திறந்துவிட்டபோது ஜன்னல் விளிம்புகள் எல்லாம் கண்ணாடியாக மின்னின. அந்தப் பளபளப்பில் மயங்கிப்போய் கன்ட்ரோல் பேனலில் ‘எழுத்துரு சேர்’ என்று அமுக்கினால், உள்ளே 1992-ல் பிறந்து எப்போதோ செத்துப்போனதாக எல்லாரும் நினைத்த அதே பெட்டி அதே டிரைவ் பட்டியலோடு உட்கார்ந்திருந்தது. பதினைந்து வருடம் யாரும் அந்த அறைக்குள் விளக்கு போட்டுப் பார்க்கவில்லை. விண்டோஸ் 7-ல்தான் அதற்கு மோட்சம்.

ஆனாலும் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிட வேண்டும். 1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95, பெட்டிக்குள் எக்ஸ்புளோரரையே கொண்டுவந்து உட்காரவைத்தது. பெட்டிக்குள் இருந்தபடியே ரைட் கிளிக் செய்து பெயர் மாற்றலாம், அழிக்கலாம், புது ஃபோல்டர் போடலாம். பஞ்ச காலம் முடிந்தது, ஃபைல் காட்டுகிறவரே பெட்டிக்குள் வரட்டும் என்று முதலில் தைரியமாகச் சொன்னவர்கள் அவர்கள்தான். அத்தனை செய்தவர்கள் பெட்டியைப் பெரிதாக்க மட்டும் விடவில்லை. மானிட்டர் எத்தனை பெரிதாக இருந்தாலும் தீப்பெட்டி அகலத்துக்குள்தான் தேட வேண்டும். இழுத்துப் பெரிதாக்கும் பாக்கியம் 98, 2000 என்று அடுத்தடுத்த விண்டோஸ்களில் வந்தது.

யூனிக்ஸ்காரர்களுக்கு இந்தப் பெட்டி என்றாலே இளக்காரம். அவர்கள் முழு முகவரியையும் கையால் அடிப்பவர்கள்; பாதி அடித்து டேப் சாவியைத் தட்டினால் மீதி தானே வரும். எண்பதுகளின் கடைசியில் ‘மோட்டிஃப்’ என்ற பெயரில் அவர்களுக்கும் ஒரு பெட்டி வந்தது. மேலே ‘ஃபில்டர்’ என்று ஒரு கட்டம், நடுவே இரண்டு பட்டியல், கீழே ‘செலக்‌ஷன்’ என்று இன்னொரு கட்டம், அதற்கும் கீழே நான்கு பொத்தான். மேல் கட்டத்தில் அடிப்பதைக் கீழே அடித்தால் வேலை செய்யாது, கீழ்க் கட்டத்தில் அடிப்பதை மேலே அடித்தால் பட்டியலே காணாமல் போகும். ஃபோல்டரின் பெயரோடு அதன் ஏழு தலைமுறை முகவரியும் சேர்ந்து வருவதால், கடைசியில் இருக்கும் பெயரைப் பார்க்கப் பட்டியலைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே போக வேண்டும். இதைச் செய்தவர்கள் இதைப் பயன்படுத்தவில்லை என்பது என் முடிவு. அவர்கள் டேப்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் வருகிறார்கள். ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ். படங்களைத் திருத்துவதற்கு இலவசமாக ஒரு புரோக்ராம் செய்தார்கள், பெயர் ‘ஜிம்ப்’. 1996-ல் வெளியிட்ட முதல் வடிவம் மோட்டிஃப் மேல் நின்றது. மாட்டிஸுக்கு மோட்டிஃப் வெறுத்துப்போய், பொத்தான், மெனு, பெட்டி எல்லாவற்றையும் தானே எழுத உட்கார்ந்தார். அதுதான் ‘ஜிடிகே’, ஜிம்பின் கருவிப்பெட்டி என்பதன் சுருக்கம். அதை அஸ்திவாரமாக வைத்து மெக்ஸிகோக்காரர்களான மிகெல் தெ இகாசாவும் ஃபெடரிக்கோ மேனாவும் 1997-ல் ‘க்னோம்’ டெஸ்க்டாப்பைத் தொடங்கினார்கள்.

ஜிடிகேயின் முதல் ஃபைல் பெட்டி மோட்டிஃபின் பேரன்தான். மூக்கும் முழியும் அப்படியே. இரண்டு பட்டியல், ஒரு கட்டம். ஃபைலின் அளவு தெரியாது, தேதி தெரியாது, சின்னம் கிடையாது. ஆனால் உச்சியில் மூன்று பெரிய பொத்தான்கள்: ஃபோல்டர் போடு, ஃபைலை அழி, பெயர் மாற்று. ஃபைலைத் திறக்கக் கேட்டு வந்தவனிடம் ‘அழித்துவிடலாமா?’ என்று முதல் வரிசையிலேயே விசாரிக்கும் பெட்டி உலகத்தில் வேறு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் கட்டத்தில் டேப் தட்டினால் பெயர் முழுமையாகும். ஆகவே கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் யாரும் குறை சொல்லவில்லை.

பிறகு க்னோம்காரர்களுக்கு ஞானம் பிறந்தது. 2001-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஒரு சோதனை நடத்தி, க்னோமை முன்பின் பார்க்காதவர்கள் எப்படித் தவிக்கிறார்கள் என்று ஓர் அறிக்கை கொடுத்தது. அடுத்த வருடம், பயன்பாட்டு விதிகள் என்று ஒரு புத்தகமே போட்டார்கள். க்னோம்காரரான ஹாவக் பென்னிங்டன், ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் ஒரு விலை இருக்கிறது என்று கட்டுரை எழுதினார். ஆப்ஷன்கள் கொத்துக்கொத்தாக வெட்டப்பட்டன. எல்லாம் யாருக்காக? கம்ப்யூட்டர் தெரியாத ஒரு கற்பனைப் பெண்மணிக்காக. ஓப்பன் சோர்ஸ் எழுத்தாளர் எரிக் ரேமண்ட் அவருக்கு ‘டில்லி அத்தை’ என்று நாமகரணமே செய்திருந்தார். நம் தலைநகரத்துக்கும் அத்தைக்கும் சம்பந்தமில்லை.

2004 மார்ச்சில் ஜிடிகே 2.4 வந்தது. ஃபெடரிக்கோ முன்னின்று செய்த புதிய பெட்டி. பழையதோடு ஒப்பிட்டால் இது மாளிகை. இடது பக்கம் வீடு, டெஸ்க்டாப், நீங்களே சேர்க்கும் புக்மார்க். மேலே நீங்கள் நிற்கிற இடத்துக்கு வந்த வழி முழுக்க, ஒவ்வொரு ஃபோல்டரும் ஒரு பொத்தானாக. இதை இப்போது எல்லாரும் காப்பியடித்துவிட்டார்கள், அன்றைக்கு இது புதுசு. ஒன்றே ஒன்றுதான் காணோம்: பெயர் அடிக்கும் கட்டம். எடுத்துவிட்டார்கள். அத்தைக்கு முகவரி அடிக்கத் தெரியாது. காலிக் கட்டத்தைப் பார்த்தால் பயந்துவிடுவார். வேண்டியவர்கள் கன்ட்ரோல் சாவியையும் எல் எழுத்தையும் சேர்த்து அமுக்கினால் கட்டம் வரும். இதைப் பெட்டியில் எங்கும் எழுதிவைக்கவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை.

வந்தது பிரளயம். க்னோமின் தாய்வீடான லினக்ஸை 2004-ல் வீட்டில் ஓட்டிய ஜனத்தொகையில் டில்லி அத்தைகள் எத்தனை பேர்? ஓட்டியவர்கள் அத்தனை பேரும் முகவரி அடித்தே வளர்ந்தவர்கள். டேப் சாவியைத் தட்டிப் பழகிய விரல் காற்றில் நின்றது. போதாக்குறைக்கு, அதே சமயத்தில் வந்த க்னோம் வெளியீட்டில் அதன் ஃபைல் மேனேஜரும், திறக்கிற ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு புது ஜன்னல் என்று ஆரம்பித்தது. ஆறு படி உள்ளே போனால் திரையில் ஏழு ஜன்னல். பயனர்களை முட்டாளாக நினைக்கிறார்கள் என்று ஒரு கட்சி. பயனர்கள் என்றால் நீங்கள் மட்டும்தானா என்று எதிர்க்கட்சி. எல்லாப் பொத்தானையும் வைத்திருந்த போட்டி டெஸ்க்டாப்பான கேடிஈயின் கோஷ்டி வாசலில் நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தது. 2005 டிசம்பரில் லினக்ஸை உண்டாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே வந்து, ஆளாளுக்கு கேடிஈக்குப் போங்கள் என்று திட்டிவிட்டுப் போனார். அவருக்குக் கோபம் பிரிண்ட் செய்யும் பெட்டி மேல். ஆனால் திட்டு விழுந்தது மொத்தக் குடும்பத்துக்கும். 2006-ல் கட்டம் திரும்பி வந்தது, ஒரு பென்சில் படம் போட்ட பொத்தானுக்குப் பின்னால், சற்று வெட்கத்தோடு.

இரண்டு கட்சியும் இப்படிக் கட்டத்துக்காக மல்லுக்கட்டிய அதே வருடங்களில் டில்லி அத்தை நிஜமாகவே என்ன செய்துகொண்டிருந்தார் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தை டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தார். பேரன் பிறந்தநாள் படம் இருநூறு. கேமரா அவற்றுக்குப் பேரனின் பெயரை வைக்கவில்லை. ஐஎம்ஜி 0041, ஐஎம்ஜி 0042 என்று சிறைக்கைதிகளுக்கு வைப்பது மாதிரி நம்பர் போட்டிருந்தது. மெயிலில் அனுப்பப் போனால் அழகான புதிய பெட்டி திறந்து, இருநூறு நம்பர்களைப் பட்டியலாகக் காட்டியது. அத்தைக்கு எது என்று தெரியும்: பையன் கேக்கை மூக்கில் அப்பிக்கொண்ட அந்தப் படம். அது 0041-ஆ 0187-ஆ என்று பிரம்மாவுக்குத்தான் தெரியும். படத்தையே சின்னதாகக் காட்டியிருந்தால் ஒரு நொடி வேலை. சில புரோக்ராம்கள் வலது ஓரத்தில் ஒரே ஒரு படத்தைக் காட்டின. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியது. விண்டோஸ் எக்ஸ்பியில் பெட்டிக்குள்ளேயே படங்களை வரிசையாகப் பார்க்கலாம். கேடிஈயில் பார்க்கலாம். யாருக்காகக் கட்டத்தைப் பிடுங்கி எறிந்தார்களோ அவருக்கு வேண்டியதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

கேட்கவில்லை என்று சொன்னது தப்பு. 2004-லேயே ஒருவர் கேட்டார். பெட்டியில் படங்களைச் சின்னச் சின்னதாகக் காட்டுங்கள் என்று க்னோமின் குறைதீர்ப்புப் பதிவேட்டில் மனு ஏறியது. அந்த மனுவின் ஆயுள் நம் ஊர் நிலத்தகராறு வழக்குகளையே கூசவைக்கும். ஜிடிகே 2 போய் 3 வந்தது. பதிவேடே ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியது. மனுவும் புது நம்பரோடு கூடவே குடிபெயர்ந்தது. நடுவில் பெட்டியில் வேறு என்னென்னவோ நடந்தது. திறந்ததும் சமீபத்தில் தொட்ட ஃபைல்களைக் காட்டினார்கள். அது பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. முதல் இரண்டு எழுத்தை அடித்தால் அந்த ஃபைலுக்குத் தாவிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, அடித்தால் எல்லா ஃபோல்டரிலும் தேடு என்று மாற்றினார்கள். மீதிப் பேருக்கு அது பிடிக்கவில்லை. படம் மட்டும் வரவில்லை. லினக்ஸ் வட்டாரத்தில் இது நிரந்தர நகைச்சுவை ஆயிற்று. பொறுக்க முடியாத சிலர் தாங்களே நிரலைத் திருத்தி, ஒட்டுப்போட்ட ஜிடிகேயைத் தங்கள் மெஷினில் ஓட்டிக்கொண்டார்கள்.

காரணம் சோம்பேறித்தனம் இல்லை. அது சுவாரசியமான காரணமாக இருந்திருக்கும். பெட்டியின் நிரல் ஆயிரக்கணக்கான வரி. அத்தனையும் பட்டியல் காட்டும் ஒரு பழைய பாகத்தோடு சதையும் நகமுமாக வளர்ந்திருந்தது. படங்களைக் கட்டம் கட்டமாகக் காட்ட அந்தப் பாகத்தையே பெயர்த்தெடுக்க வேண்டும். பராமரிப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், அவர்களுக்கு ஜிடிகே முழுவதும் பொறுப்பு. பட்டியலையும் கட்டத்தையும் ஒரே சரக்கிலிருந்து காட்டக்கூடிய புதிய பாகங்கள் 2020 டிசம்பரில் ஜிடிகே 4-ஓடுதான் வந்தன. அதற்குப் பிறகு உட்கார்ந்து பெட்டியை அவற்றின் மேல் மாற்றிக் கட்டினார்கள். 2022 கடைசியில் மனு தீர்ந்தது. 2023 மார்ச்சில் ஜிடிகே 4.10-ல் படம் வெளியானது. மனுப் போட்ட அன்றைக்குப் பிறந்த பிள்ளைக்கு வாக்காளர் அட்டை வாங்கும் வயது. கேக் அப்பிக்கொண்ட பேரன் அநேகமாக காலேஜ் முடிக்கும் தறுவாயில்.

இதற்கிடையே ‘எங்கே’யை ஒழிக்கும் யுத்தத்தில் ஆப்பிள் இன்னொரு முறை இறங்கித் தோற்றதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். 2007-ல் வந்த ஐஃபோனில் ஃபைல் என்ற பேச்சே இல்லை. பத்து வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, 2017-ல் ‘ஃபைல்ஸ்’ என்ற பெயரிலேயே ஓர் ஆப் விட்டார்கள்.

கடைசியில் பெட்டிக்கு யாரும் எதிர்பாராத பதவி உயர்வு கிடைத்தது. இப்போது புரோக்ராம்களை நம்ப முடிவதில்லை. லினக்ஸில் ‘ஃப்ளாட்பேக்’ முறையில் வருகிற புரோக்ராமை வேலி கட்டித்தான் உள்ளே விடுகிறார்கள். உங்கள் ஃபைல்கள் அதன் கண்ணில் படாது. ஒரு ஃபைல் வேண்டுமென்றால் புரோக்ராம் சிஸ்டத்திடம் விண்ணப்பிக்கும். வேலிக்கு வெளியே நிற்கிற பெட்டி உங்கள் முன்னால் வரும். நீங்கள் தொட்டுக் காட்டுகிற ஃபைல் மட்டும் உள்ளே போகும். நீங்கள் தேர்ந்தெடுப்பதே அனுமதிச் சீட்டு. மேக்கில் இதே ஏற்பாடு முன்பே வந்துவிட்டது. 1984-ல் எடுபிடியாக வேலைக்குச் சேர்ந்த பெட்டி, வாசலில் தடியோடு நிற்கும் காவல்காரர் ஆகிவிட்டது.

அந்தப் பதவிக்குத் தக்க உடுப்பு வேண்டுமல்லவா? 2024 செப்டம்பரில் வந்த க்னோம் 47, தனிப் பெட்டி என்ற ஏற்பாட்டையே கைவிட்டது. வேலிக்குள் இருந்து விண்ணப்பம் வந்தால், ஃபைல் மேனேஜரே எழுந்து வந்து பெட்டியாக நிற்கிறார். படம் தெரிகிறது, தேடல் வேலை செய்கிறது, எல்லாம் பழகின முகம். விண்டோஸ் 95 எக்ஸ்புளோரரைப் பெட்டிக்குள் உட்காரவைத்து இருபத்தொன்பது வருடம்தான் ஆகியிருந்தது.

இந்தச் சௌகரியம் எல்லாம் புதிய வழியில் விண்ணப்பிக்கத் தெரிந்த புரோக்ராம்களுக்கு. ஜிம்ப் 3.0 பல வருடக் காத்திருப்புக்குப் பிறகு 2025 மார்ச்சில் வந்தது. ஜிடிகே எந்தப் புரோக்ராமுக்காகப் பிறந்ததோ அதே ஜிம்ப். படம் திருத்துவதைத் தவிர வேறு வேலை இல்லாத ஜிம்ப். அது இன்னும் ஜிடிகே 3-ல்தான் ஓடுகிறது. அதில் ‘ஓப்பன்’ என்று அமுக்கினால், ஐஎம்ஜி 0041-லிருந்து பட்டியல் வருகிறது.